கழற்றினால் குறி தப்பும்

அந்தப் பையைக் காலால் தள்ளாதீர், பிள்ளை. பரவாயில்லை, பரவாயில்லை, மன்னிப்பெல்லாம் வேண்டாம். உள்ளே கண்ணாடிச் சாமான் இருக்கிறது, அதனால் சொன்னேன். என் மடியிலேயே வைத்துக்கொள்கிறேன்.

நீர் தமிழ்நாடுதானே? ஃபோனில் அம்மாவோடு கதைத்தது காதில் விழுந்தது. தென்காசியா? நல்லது, நல்லது. கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமைத் தாளும் ஆடும்தான் தெரிகிற இந்த ஆஸ்திரேலிய வழியில், பஸ்ஸில் பக்கத்து ஆசனத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை! உமக்கு மில்டுரா ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையா? சரி. நானும் மில்டுராவுக்குத்தான். இருட்டி வெகுநேரம் கழித்துத்தான் பஸ் போய்ச் சேரும்.

என் பெயர் கதிர்காமநாதன். வெள்ளைக்காரருக்கு வாயில் நுழையாது, நேதன் என்பார்கள். எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சு உமக்கு விளங்காமல் போகும் என்று கொஞ்சம் புத்தகத் தமிழில் கதைக்கிறேன். விளங்காவிட்டால் நிறுத்திக் கேளும். நான் கோபிக்கிற ஆள் இல்லை. நிதானமான ஆள். என்னைத் தெரிந்த யாரையும் கேட்டுப் பாரும்.

இந்தாரும், பாதாம். எங்கள் தோட்டத்துப் பாதாம். சாப்பிடும்.

எதற்கு மில்டுரா என்கிறீர். மனுசியை, என் பெண்சாதியைப் பார்க்க. தயாளினி என்று பெயர். கோபித்துக்கொண்டு தன் தம்பியிடம் போய் இருக்கிறாள். நான் கூட்டிக்கொண்டு வரப் போகவில்லை, பிள்ளை. கதைக்கக்கூடப் போகவில்லை. பார்க்கத்தான்.

முழுவதையும் கேட்டுவிட்டு நீரே சொல்லும், பிழை யாரில் என்று. நீர் வெளி ஆள். உமக்கு அவளும் ஒன்று, நானும் ஒன்று.

எங்களுக்குத் தோட்டத்திலேயே வீடு. முதலாளி கிளென் தந்தது. புதிதாக வைத்த பாதாம் கன்றுகளை நான்தான் பார்க்கிறேன். இந்த நாட்டில் கன்றுக்குச் சத்துரு முயல். இரவில் வரும். அடிமரத்துப் பட்டையைச் சுற்றிவரக் கறம்பும், வளையல் போட்ட மாதிரி. ஒரு வளையல் போதும், கன்று செத்துவிடும். அதற்காகக் கிளென் எனக்கு லைசென்ஸ் எடுக்கச் சொன்னான். துவக்கு வாங்கினேன். நீங்கள் துப்பாக்கி என்பீர்கள், எங்களுக்குத் துவக்கு. சின்னத் துவக்குத்தான். இருபத்திரண்டு என்பார்கள். தோட்டாவின் அடி விளிம்பில் ஊசி தட்டும், வெடிக்கும். அவ்வளவு மெல்லிய தோட்டா, சின்ன விரல் நகம் அளவு ஈயம். முயலுக்குப் போதும். நரிக்கும், கிட்ட வந்தால், போதும்.

ஆனால் இரவில் எப்படிச் சுடுவது? ரோச் லைட் அடித்தால் ஓடிவிடும். அதற்குத்தான் இரவு ஸ்கோப், துவக்கின் மேலே பூட்டி இருட்டில் பார்க்கிற கண்ணாடி. இந்தப் பையில் இருப்பது அதுதான்.

பயப்படாதீர். துவக்கு இல்லை. கண்ணாடி மட்டும்தான்.

ஸ்கோப் பூட்டுவது ஒரு கலை, பிள்ளை. வெறும் திருகாணி வேலை என்று நினைப்பார்கள். நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன். குசினியில், அதுதான் சமையலறையில், மேசைமேல் வெள்ளைத் துணி விரித்தேன். துவக்கின் முதுகில் ஒரு தண்டவாளம் மாதிரி இருக்கும். அதை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். எண்ணெய்ப் பசை இருந்தால் வளையம் வழுக்கும். ஸ்கோப்பை வளையத்தில் இருத்தி, முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தி, என் கண்ணுக்கு எந்த இடத்தில் படம் முழுதாக வருகிறது என்று பார்த்தேன். மேலே குமிழ்மட்டம் வைத்தேன். மட்டம் சரியாக வராமல் பூட்டினால் தூரம் போகப் போகச் சன்னம், அதுதான் ஈயக் குண்டு, ஒரு பக்கம் ஓடும். பிறகு திருகாணிகள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதற்குப் போகக் கூடாது. இதில் அரைச் சுற்று, எதிரில் இருப்பதில் அரைச் சுற்று. பிள்ளைக்குத் தலை பின்னுகிற மாதிரி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமனாக.

அந்த நேரம் பார்த்துத் தயாளினி மேசைக்கு வந்தாள். 'மரக்கறி வெட்ட வேணும், உந்தத் துவக்கை ஒருக்கா எடுங்கோவன்' என்றாள். எடுக்க முடியுமா? நீரே சொல்லும். மரக்கறித் தட்டைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். அவளை நோக்கி எறியவில்லை, முற்றத்தில்தான். 'அங்கை போய் வெட்டு' என்றேன். அவ்வளவுதான். அவளும் குனிந்து பொறுக்கினாள். எங்கள் வீட்டில் சண்டை என்று ஒன்றும் நடந்ததே இல்லை.

பூட்டியபிறகு குறி ஒத்தவைக்க வேண்டும். இங்கே ஸீரோ என்பார்கள். பின்னேரம் துவக்கை மணல் மூட்டையில் கிடத்தினேன். பின்னால் தோட்டாவைத் தள்ளுகிற போல்ட் கட்டையை வெளியே இழுத்துவிட்டுக் குழாய்க்குள்ளால் பார்த்தேன். ஐம்பது மீட்டரில் ஒரு காகித மட்டை வைத்திருந்தேன், நடுவில் கறுப்பு வட்டம். குழாயின் நடுவில் வட்டம் வரும்வரை துவக்கை நகர்த்தி, அப்படியே வைத்துக்கொண்டு, ஸ்கோப்பின் சிலுவைக் கோட்டையும் அதே வட்டத்துக்குக் கொண்டுவந்தேன். இது முதல் ஒத்துகை. அதற்குப் பிறகு ஒரு தோட்டா சுட்டேன். ஒரு சாண் இடப்பக்கம் விழுந்தது. இந்த ஸ்கோப்பில் ஒரு வசதி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் படம் அப்படியே உறைந்து நிற்கும். சிலுவையை மெல்ல மெல்ல நகர்த்திச் சன்னம் விழுந்த ஓட்டையின்மேல் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் முடிந்தது. அடுத்த சன்னம் சிலுவை இருக்கிற இடத்தில் விழும்.

நான் மூன்று சுட்டேன். மூன்றும் ஒரே ஓட்டை. ஒரு சின்னக் காசுக்குள் அடங்கிவிடும்.

கிளென் வந்து பார்த்தான். தோளில் தட்டினான். 'நேதன், கண்ணைப் பார்த்துச் சுடாதே, உடம்பைப் பார்த்துச் சுடு' என்று ஒரு புத்திமதி சொன்னான். இரவில் இந்த ஸ்கோப்பில் மிருகத்தின் கண் இரண்டு வெள்ளைப் பொட்டாக மினுங்கும். பொட்டை மட்டும் பார்த்துச் சுடக் கூடாதாம். சொல்ல வேண்டியதுதான், முதலாளி அல்லவா. ஆனால் ஸீரோ சரியாக இருந்தால் பொட்டே போதும், பிள்ளை. பொட்டுக்குப் பின்னால் தலை இருக்கத்தானே வேணும்?

அந்த வசந்த காலத்தில் நான் எத்தனை முயல் விழுத்தினேன் என்று கணக்கில்லை. சத்தம் ஒரு கைதட்டு அளவுதான். முயல் இருந்த இடத்திலேயே ஒரு முறை உயரத் துள்ளும். சிலது காலால் காற்றை உதைத்துக்கொண்டு கிடக்கும், ஓடுகிறதாக நினைத்துக்கொண்டு. காலையில் நான் அதுகளைக் காதில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து வேலியில் வரிசையாகத் தொங்கவிடுவேன். தயாளினி அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போடுவதை நிறுத்திவிட்டாள். 'ரத்தம் சொட்டுது' என்றாள். நான் 'முயல் ரத்தம்தானே' என்றேன்.

சரி. சுகிர்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய தம்பி. எங்கள் தோட்டத்தின் கடைசி மூலையில் ஒரு பழைய கரவன் வண்டியில் இருந்தான். நான்தான் கிளெனிடம் சொல்லி அந்த இடத்தை எடுத்துக் கொடுத்தேன். வன்னியில் கடைசிச் சண்டைக்குள் அகப்பட்டவர்கள் இரண்டு பேரும், அக்காவும் தம்பியும். நான் அதற்கு முன்பே இங்கே வந்துவிட்டேன். செல் குண்டு விழுந்து சுகிர்தனுக்கு ஒரு காது முழுக்கப் போய்விட்டது, மற்றதும் பாதிதான். இரவில் நித்திரை வராது. வந்தால் கத்திக்கொண்டு எழும்புவான். அவனுக்கு ஒரு நாய் இருந்தது. கறுப்பு நாய், பெயரும் கறுவல். யாராவது கரவன் பக்கம் வந்தால் மூக்கால் இடித்து அவனை எழுப்பும். அவன் கத்தினால் நெஞ்சில் ஏறிப் படுத்துக்கொள்ளும். அந்த நாய் இருந்தால்தான் அவன் கண்ணை மூடுவான்.

எனக்கு நாயில் ஒரு கோபமும் இல்லை. ஆனால் அது இரவில் கன்று வரிசைக்குள் திரியும். முயலைக் கலைக்கும். நான் மணல் மூட்டையில் கிடந்து, மூச்சை அடக்கி, சிலுவையை வைக்கிற நேரம் பார்த்து அது குலைக்கும். இரண்டு முறை சுகிர்தனிடம் சொன்னேன். 'நாயைக் கட்டு.' அவன் 'கட்டினால் அது எப்பிடி அத்தான் என்னை எழுப்பும்?' என்றான். தயாளினிதான் அதற்குச் சோறு கொண்டுபோய்க் கொடுப்பாள். கொடுத்துவிட்டு அங்கே இருந்து தம்பியோடு சிரித்துக் கதைப்பாள். சிரிக்கிற சத்தம் வீடு வரைக்கும் கேட்கும். என்னோடு சிரிக்க அவளுக்கு நேரமில்லை.

ஒரு இரவு நரி வந்தது. ஆம், நரிதான். நான் அதை நரி என்றுதான் சொல்லுவேன். கடைசி வரிசையில், கரவனுக்கு இந்தப் பக்கம், இரண்டு வெள்ளைப் பொட்டு. உடம்பு தெரியவில்லை. கறுப்பு உடம்பு இரவில் எப்படித் தெரியும்? பொட்டு இரண்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றன. ஓடவில்லை. வாலை ஆட்டுகிற மாதிரி பின்னால் ஏதோ அசைந்தது, புல்லாக இருக்கலாம். நான் இரண்டு பொட்டுக்கும் நடுவில் சிலுவையை வைத்தேன். மூச்சைப் பாதியில் நிறுத்தினேன். விரலை மெல்ல இழுத்தேன்.

அங்கேதான் பட்டது, பிள்ளை. நடுவில். ஒரு மயிரிழை பிசகவில்லை.

போய்ப் பார்த்தேன். கறுவல். பின்னங்கால் இரண்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. நெற்றியில் ஒரு சின்ன ஓட்டை, குங்குமம் வைத்த மாதிரி. மற்றப் பக்கத்தால் வெளியேறவில்லை. இருபத்திரண்டு அப்படித்தான். உள்ளுக்குள்ளேயே சுழன்று கலக்கிவிடும். கொஞ்ச நேரத்தில் கால் நின்றது. அந்த நேரத்தில் ஆளை எழுப்பி என்ன சொல்வது, காலையில் சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்து துவக்கைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போது சுகிர்தன் விசிலடிக்கிற சத்தம் கேட்டது. நாயைத் தேடுகிறான். விடியும் மட்டும் அடித்தான். அது பதிலுக்குக் குலைத்தாலும் இவனுக்குக் கேட்காது, பிறகேன் விசில்?

ஏன் பிள்ளை ஜன்னலைப் பார்க்கிறீர்? வெளியே ஒன்றுமில்லை. திராட்சைத் தோட்டம் வர இன்னும் நேரமிருக்கிறது. கேளும்.

காலையில் அவன் வந்தான். நாயை இரண்டு கையிலும் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தான். கதவைத் தட்டவில்லை. நேரே குசினிக்குள் வந்து, என் வெள்ளைத் துணியில், திருகாணிச் சாவிகள் வரிசையாக வைத்திருந்த துணியில், நாயைக் கிடத்தினான்.

'உது கறுவல் எண்டு தெரிஞ்சுதானே சுட்டனீங்கள்?'

'நரிக்குத்தான் சுட்டனான். நாய் ஏன் நரி வாற இடத்துக்கு வந்தது?'

'அத்தான், அது உங்களைக் கண்டு வாலாட்டியிருக்கும். ஓடியிருக்காது. உங்கடை மணம் அதுக்குத் தெரியும்.'

தயாளினி அடுப்படியில் நின்றாள். அவள் ஒரு வார்த்தை சொன்னாள். எனக்கு இன்றைக்கும் அதன் கருத்துப் பிடிபடவில்லை. 'விடு சுகிர்தன். அவர் எப்பவும் சன்னம் விழுந்த இடத்துக்குத்தான் குறியைக் கொண்டுபோவார்' என்றாள். அதுதானே முறை? அப்படித்தானே ஸீரோ பண்ணுவது? அதில் என்ன குற்றம் இருக்கிறது? அவளுக்கு ஸ்கோப்பைப் பற்றி அவ்வளவு விளங்கியிருக்கிறது என்று எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது.

ஆனால் அவன் விடவில்லை. மேசையைப் பிடித்து ஆட்டினான். துவக்கு மேசையோரத்தில் சாத்தியிருந்தது. விழப்போனது. ஸ்கோப் நிலத்தில் அடிபட்டால் என்ன ஆகும்! நான் பாய்ந்து பிடித்தேன். அவனும் குழாயில் பிடித்தான். 'உந்தத் துவக்கை உடைக்கப்போறன்' என்றான். நான் இழுத்தேன், அவன் இழுத்தான். துவக்கின் பின்பக்கம் அவனுடைய வாயில் பட்டது.

நான் அடிக்கவில்லை. பட்டது. இரண்டு முறை பட்டது. பல் இரண்டு மேசையில் விழுந்து, நாய்க்குப் பக்கத்தில் கிடந்தது. வாயைப் பொத்திக்கொண்டு இருந்தான். விரல் இடுக்கால் ரத்தம். தயாளினி சீலைத் தலைப்பைக் கிழித்து வாயில் அடைத்தாள்.

எனக்கு ஒரே யோசனை. இவ்வளவு இழுபறியில் ஸீரோ தப்பியிருக்குமா? உடனே பார்த்துவிடவேண்டும். முற்றத்துக்குப் போய் மட்டையை வைத்து மூன்று சுட்டேன்.

மூன்றும் ஒரே ஓட்டை! இவ்வளவு அடிபட்டும்! வளையம் அப்படிப் பூட்டியிருக்கிறேன். கொஞ்சம் பொறும், அந்த மட்டை பைக்குள் இருக்கிறது. இந்தா. பார்த்தீரா? இதை அவர்களுக்குக் காட்டத்தான் கொண்டுபோகிறேன். தபாலிலாவது போட்டுவிட வேண்டும். கண்டபடி சுடுகிறவனுடைய மட்டையா இது?

நான் உள்ளே வந்தால் சுகிர்தன் மேசைக்குக் கீழே கிடக்கிறான். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையை உள்ளுக்கு வளைத்து. நாற்பது வயது ஆண்மகன். அவனுக்குமேலே அவள் குப்புறக் கிடக்கிறாள், குடை பிடித்த மாதிரி. காது கேளாது என்று சொல்லித் திரிகிறவனுக்குச் சூட்டுச் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பொலிசுக்குப் போனானா என்கிறீரா? போகமாட்டான். தற்காலிக விசாக்காரன். பொலிஸ் படியேறினால் தன்னைத்தான் பிடிப்பார்கள் என்று அவனுக்கு நெஞ்சிடி. அது எனக்குத் தெரியும். நானும் அதைப் பெருந்தன்மையாக ஒரு முறை ஞாபகப்படுத்தினேன். அன்று பின்னேரமே மில்டுராவில் இருக்கிற ஒரு சிநேகிதனுடைய வீட்டுக்குப் போய்விட்டான். நாயை எங்கே குழி வெட்டித் தாட்டான் என்று தெரியாது.

தயாளினியும் கூடப் போகப் பார்த்தாள். வாசலில் ஒரு கையில் பை, மற்றக் கை கதவு நிலையில். நான் கதவைச் சாத்தினேன். அவளுடைய விரல் அதில் பட்டது. இந்த நாட்டுக் கதவுகள் பாரம், பிள்ளை, ஊர்க் கதவு மாதிரி இல்லை. மூன்று விரல். நீர் நர்ஸ், உமக்குத் தெரியும், விரல் எலும்பு ஒட்ட எவ்வளவு காலம் எடுக்கும்? வளைந்து ஒட்டுமா? அதையும் பார்க்க வேண்டும்.

அதன்பிறகு வீடு அமைதி. அவள் சமைத்தாள், போட்டாள், கழுவினாள். கதைக்கவில்லை. கதைக்காத பெண்சாதி நல்லவள் என்று ஊரில் சொல்வார்கள்.

ஆனால் பொழுதுபட்டதும் வெளியே போவாள். எங்கள் வீட்டில் ஃபோன் சரியாக எடுபடாது. தண்ணீர்ப் பம்ப் கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றால் எடுபடும். அங்கே நின்று தம்பியோடு கதைப்பாள். வேறு யாரோடும் கதைத்தாளோ தெரியாது. பாம்பு திரிகிற பூமி. இருட்டு. நான் புருசன், எனக்கு யோசனை இருக்காதா? எனவே பார்ப்பேன். விறாந்தையில் மணல் மூட்டை, மூட்டையில் துவக்கு, ஸ்கோப்பால் அவளைப் பார்ப்பேன். பகல் மாதிரித் தெரியும். வாய் அசைவது தெரியும். கண்ணைத் துடைப்பது தெரியும். அவள் நடக்க நடக்க நானும் மெல்ல நகர்த்திக்கொண்டு போவேன். திரும்பிப் பத்திரமாக வீட்டுக்குள் வரும்மட்டும்.

பார்க்கத்தான், பிள்ளை. துவக்கில் தோட்டா இல்லை.

உம்முடைய முகம் ஏன் அப்படிப் போகிறது? துவக்கால் பார்க்காமல் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்திருக்கலாம் என்றுதானே நினைக்கிறீர்? எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். பொலிஸ்காரியும் அதைத்தான் கேட்டாள். அட, கழற்றினால் ஸீரோ போய்விடும்! இவ்வளவு நேரமும் அதைத்தானே சொன்னேன்! திருகாணியை ஒருமுறை தளர்த்தினால் பழைய இடத்தில் திரும்ப வந்து இருக்காது. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஒவ்வொரு பொழுதும் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்க முடியுமா?

ஒரு பொழுது அவள் கொட்டிலடியில் நின்று கதைத்தவள் சட்டென்று நிறுத்தினாள். என் பக்கம் திரும்பினாள். ஸ்கோப்பில் ஒரு விளக்கு இருக்கிறது, பிள்ளை. மனிதக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் வீசும். ஆனால் விளக்கின் வாயை நேரே பார்த்தால் மங்கலாக ஒரு சிவப்புத் தெரியும் என்கிறார்கள், சிகரெட் நெருப்புத் தூரத்தில் தெரிகிற மாதிரி. அவள் அதைத்தான் கண்டதாகச் சொல்கிறாள். அவ்வளவு தூரத்தில் தெரியாது என்று நான் சொல்கிறேன். அவள் பொய் சொல்கிறாள்.

ஃபோனைக் கீழே போட்டாள். இரண்டு கையையும் மெல்லத் தூக்கினாள். தலைக்குமேலே. உள்ளங்கை எனக்குத் தெரிகிற மாதிரி. மூன்று விரலில் கட்டு. அப்படியே நின்றாள். அசையவில்லை. சிலுவை அவளுடைய நெஞ்சில் நின்றது. அவள் மூச்சு விடுவதுகூட எனக்குத் தெரிந்தது.

என்ன விளையாட்டு இது என்று நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது. எவ்வளவு நேரம் நிற்கிறாள் பார்ப்போம் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கிறாள், நிற்கிறாள். கடைசியில் எனக்குத்தான் கை விறைத்தது. 'வா உள்ளுக்கு' என்று கூப்பிட்டேன். கையைத் தூக்கியபடியே வந்தாள். விறாந்தைப் படி ஏறும்வரைக்கும் இறக்கவில்லை. 'என்ன கூத்து இது?' என்றேன்.

'முள்ளிவாய்க்காலிலை இப்பிடித்தான் வந்தனாங்கள்' என்றாள். 'கையை இறக்கின ஆக்களைச் சுட்டவங்கள்.'

'நான் என்ன ஆமிக்காரனே? பாதுகாப்புப் பூட்டுப் போட்டுத்தானே வைச்சிருந்தனான்' என்றேன்.

ஆம், பூட்டு. தோட்டா இருக்கும்போது பூட்டுப் போடாமல் வைக்கிற ஆள் இல்லை நான். என்ன? தோட்டா இல்லை என்று சொன்னேனா? முயலுக்கு எப்போதும் தயாராக இருக்கத்தானே வேண்டும், பிள்ளை. நீர் வார்த்தையைப் பிடித்துக்கொள்ளாதீர்.

அன்று இடியப்பமும் சொதியும் செய்து தந்தாள். நன்றாக இருந்தது. விடிய எழும்பினால் ஆள் இல்லை.

போகமாட்டான் என்று நான் நினைத்த தம்பி பொலிசுக்குப் போனான். விசாவைப் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை, வாயில் பல் இல்லாமல் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். பொலிஸ் வந்து துவக்கைக் கொண்டுபோனது. லைசென்சையும் எடுத்தார்கள். கோர்ட்டில் ஒரு கட்டளை வந்தது, அவள் இருக்கிற இடத்துக்கு இருநூறு மீட்டருக்குள் நான் போகக் கூடாதாம். அதெல்லாம் போகட்டும். ஸ்கோப்புக்கு லைசென்ஸ் தேவையில்லை, திரும்பத் தரலாம் என்று ஒரு சின்னப் பொலிஸ்காரன் அதைக் கழற்றினான், பிள்ளை, என் கண்ணுக்கு முன்னால். பொருந்தாத சாவியால்! ஒரு திருகாணியை முழுக்கத் திறந்துவிட்டு மற்றதுக்குப் போனான். திருகாணித் தலை தேய்ந்து, வளையம் கீறி... நான் அழுதுவிட்டேன். தாய் செத்தபோதுகூட அழாதவன். பொலிஸ்காரி எனக்குத் தண்ணீர் தந்தாள். மனுசிக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

எனவே இப்போது கண்ணாடி மட்டும்தான். வெறுங் கண்ணாடியை வைத்து யாரை என்ன செய்ய முடியும்?

அவள் இருக்கிற வீட்டுக்கு எதிரில், ரோட்டையும் ஒரு பெரிய வெறுங் காணியையும் தாண்டி, ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. வரைபடத்தில் அளந்து பார்த்துவிட்டேன். மூன்றாவது வரிசைக்குப் பின்னால் நின்றால் இருநூறுக்கு மேலே வருகிறது. சட்டப்படி சரி. அங்கிருந்து குசினி ஜன்னல் நேரே. போன கிழமையும் போனேன், அதற்கு முந்தின கிழமையும் போனேன். யாருக்கும் தெரியாது. அவள் ஜன்னலில் திரை போடமாட்டாள். பாத்திரம் கழுவுவாள். இடது கையால் கழுவுகிறாள். அன்றைக்கு ஒருமுறை சுகிர்தன் ஏதோ சொல்ல அவள் சிரித்தாள். சிரித்தாள், பிள்ளை. நான் இங்கே தனியாகத் தேத்தண்ணி போட்டுக் குடிக்கிறேன், அவள் சிரிக்கிறாள்.

துவக்கு ஒன்று கிடைப்பது இந்தப் பக்கத்தில் பெரிய வேலை இல்லை. கொட்டிலுக்குக் கொட்டில் சாத்தி வைத்திருக்கிறார்கள். முயல் இன்னும் வருகிறதுதானே, கன்று சாகிறதுதானே. புது வளையமும் வாங்கிவிட்டேன். பைக்குள் இருக்கிறது. திரும்பவும் முதலில் இருந்து ஒத்தவைக்க வேண்டும். எனக்கென்ன, பொறுமை இருக்கிறது.

யாருக்கு மெசேஜ் போடுகிறீர்? வீட்டுக்கா? நல்லது. போடும், போடும். பெண்பிள்ளை தனியாகப் போனால் வீட்டில் தேடுவார்கள்.

இப்போது நீர் சொல்லும். யாரில் பிழை? ஏன் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறீர்? பாதாமும் சாப்பிடவில்லை.

சரி, அது கிடக்கட்டும். எனக்கு ஒரு உதவி செய்யும். ஒரே ஒரு சந்தேகம்தான் என்னை அரிக்கிறது. அந்தச் சிவப்பு. அது உண்மையில் தெரியுமா, அவள் சொன்னது பொய்யா என்று. என்னால் பார்க்க முடியாது. விளக்கை நானே பிடித்துக்கொண்டு நானே எதிரில் நிற்க முடியாதுதானே? வெளியேயும் இருட்டிவிட்டது, உள் விளக்கும் அணைத்துவிட்டான். நல்ல நேரம். நீர் முன்னால் போய் டிரைவருக்குப் பக்கத்தில் நில்லும். நான் இங்கே இருந்து போடுகிறேன். போகிறீரா? நன்றி, பிள்ளை. தங்கமான பிள்ளை. பையை ஏன் எடுத்துக்கொண்டு போகிறீர்? சரி, சரி, பெண்பிள்ளைகள் கைப்பையை விடமாட்டார்கள்.

ஆ, நன்றாகத் தெரிகிறது. உம்முடைய தலைமயிர், காது, ஃபோன் காதில். டிரைவரும் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறான். அவனுக்கு என்ன சொல்கிறீர்? பஸ் ஏன் ஓரம்கட்டுகிறது? இது நிறுத்தம் இல்லையே. மில்டுரா வர இன்னும் தூரம் இருக்கிறதே. எனக்குக் கண்ணாடியில் எல்லாம் தெரிகிறது.

இப்படித் திரும்பும். என் பக்கம். நேரே விளக்கைப் பாரும்.

சிவப்புத் தெரிகிறதா? இங்கே கேட்காது. தெரிந்தால் கையைத் தூக்கிக் காட்டும்.